தவக்காலத்தில் வடை எதற்கு?

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, நாற்பது நாளும் கவுச்சி தொடுவதில்லை என்று நேர்ந்துகொள்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அதே குடும்பங்கள் சாயங்காலம் ஆறரை மணிக்கு, தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குப் போய்விட்டு எட்டரைக்குத் திரும்பும்போது, ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்கின்றன. போன இடத்திலேயே ஆயிற்று. உளுந்த வடை, கேசரி, காபி. கொஞ்சம் வசதியான வீடென்றால் கோபி மஞ்சூரியனும் குலாப் ஜாமூனும். கறி இல்லை, மீன் இல்லை. ஆகவே சுத்தபோசனம் மீறப்படவில்லை. திருச்சபைச் சட்டமும் இப்போது ஒருசந்தி என்னும் ஒருவேளை நோன்பைப் பிடிக்கச் சொல்வது திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டே நாட்களில்தான். யாரும் எந்த விதியையும் மீறவில்லை. வயிறு மட்டும் நிறைந்திருக்கிறது.

2026-ம் ஆண்டுத் தவக்காலம் பிப்ரவரி 18-ல் தொடங்கியது. ஏப்ரல் 5 ஈஸ்டர். பங்கு தவறாமல் திருப்பலி முடிவில் ஓர் அறிவிப்பு உண்டு: இந்த நாட்களில் உங்கள் பகுதி அன்பியத்தில் சேருங்கள், வாரம் ஒருமுறை கூடி விவிலியம் வாசியுங்கள். யார் சேர்கிறார்கள், சேர்ந்து என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்து எழுதும் வேலை எனக்கு வந்தது. விசாரித்த இடங்களிலெல்லாம் பேச்சு கடைசியில் வடைத் தட்டில்தான் வந்து நின்றது.

படிப்பு விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் இது முதல் ஆண்டு. யோவான் நற்செய்தியின் மூன்று பெரிய நிகழ்ச்சிகள் அடுத்தடுத்த ஞாயிறுகளில் வருகின்றன: கிணற்றடியில் சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், இலாசர். கோவிலில் நின்றுகொண்டே கேட்டால் கால் கடுக்கும் நீளம். பல இடங்களில் சுருக்கி வாசித்துவிடுவார்கள். வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து வாசித்தால்தான் அதன் ருசி தெரியும்.

தூத்துக்குடியில் கடலோரத் தெரு ஒன்று. சின்ன முன்னறை, பதினைந்து இருபது பேர், ஒரே ஒரு மின்விசிறி. நடத்தியவர் ஓய்வுபெற்ற டீச்சர். சமாரியப் பெண் பகுதியை வாசித்து முடித்ததும், "அவ ஏன் உச்சி வெயில்ல தண்ணி எடுக்க வந்தா?" என்று கேட்டார். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. ஒருத்தி சொன்னாள்: "குழாயடியில யாருகூடயும் பேச்சுவார்த்தை இல்லன்னா நானும் மத்தியானந்தான் போவேன், டீச்சர்."

அடுத்து, அவளுக்கு இருந்த ஐந்து கணவர்கள். பிரசங்க மேடைகளில் இந்தப் பெண்ணை நடத்தை கெட்டவளாக்கிப் பேசிப் பேசிப் பழகிவிட்டோம். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி மெதுவாகக் கேட்டார்: "அஞ்சு பேரும் செத்துப் போயிருந்தா? கடலுக்குப் போற வீட்டுல அது நடக்காதா?" நற்செய்தியில் அந்தப் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து பேரும் இறந்தார்களா, தள்ளிவிட்டார்களா என்று ஒரு வார்த்தை கிடையாது. பாவி என்று இயேசு அவளைச் சொல்லவும் இல்லை. அண்ணன் தம்பி ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராக ஒரே பெண்ணை மணந்து இறந்துபோவதைச் சதுசேயர் ஒரு கேள்வியாகவே கேட்பது மாற்கு 12-ல் இருக்கிறது. அண்ணன் இறந்தால் அவன் மனைவியைத் தம்பி மணப்பது அந்தக் காலத்து வழக்கம். பாட்டிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடலில் ஆளைப் பறிகொடுக்கும் ஊரில் பிறந்தவருக்கு அந்தக் கேள்வி தானாக வந்தது.

பிறகு இன்னொரு பெண், "குடத்த விட்டுட்டு ஊருக்குள்ள ஓடிட்டாளே, அந்தக் குடத்த யாரு எடுத்தா?" என்று கேட்டாள். பத்து நிமிஷம் அதிலேயே போயிற்று. எந்த உரைநூலிலும் நான் பார்க்காத கேள்வி.

இப்படி வாய் திறக்க வைப்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் லோபிங்கர், ஆஸ்வால்ட் ஹிர்மர் என்ற இரண்டு ஜெர்மானியக் குருக்கள் பணியாற்றிய காலத்தில் உருவான 'ஏழு படிகள்'. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்வது, மௌனம், பகிர்வு, செய்ய வேண்டிய காரியம், மன்றாட்டு. ஐந்தாம் படியில் பிரசங்கம் பண்ணக் கூடாது; அடுத்தவர் சொன்னதைத் திருத்தவும் கூடாது. இறையியல் படித்தவருக்கும் ஏழாம் வகுப்போடு நின்றவருக்கும் அந்த அறையில் ஒரே நிறை. 1990-ல் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு, சிறு சமூகங்களின் கூட்டுறவாகத் திருச்சபை அமைய வேண்டும் என்று சொன்னபோது மனதில் இருந்தது இப்படிப்பட்ட அறைகள்தான்.

இதற்கு முன்பும் தவக்காலத்தில் வீடுகளில் கூடியிருக்கிறோம். கோவாவில் பிறந்து 1705-ல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்', அவர் 1742-ல் மறைந்த பிறகும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கத்தோலிக்கர் வாயில் இருந்தது. ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார், மற்றவர்கள் கேட்டு அழுவார்கள். அழ இடமிருந்தது, கேள்வி கேட்க இடமில்லை. குடத்தை எடுத்தது யார் என்று கேட்கும் துணிச்சல் அன்பியத்தில் வந்தது. அதனால்தான் வடை என்னை உறுத்துகிறது.

விஷயம் இதுதான். ஓர் அன்பியத்தில் ஏறக்குறைய முப்பது குடும்பங்கள். மற்ற மாதங்களில் மாதம் ஒரு கூட்டம். தவக்காலத்தில் வாரம் ஒன்று. ஆறு வாரத்துக்கு ஆறு வீடு வேண்டும். தெரு வரிசைப்படி வீட்டுக்கு வீடு முறை போய்க்கொண்டிருந்தது ஒரு காலம். இப்போது, 'எந்த வீட்டில் வசதிப்படும்' என்று கேட்கிறார்கள். வசதிப்படுகிற வீடு எந்தத் தெருவிலும் மூன்றோ நாலோதான். அந்த வீடுகளே சுற்றிச் சுற்றி வருகின்றன.

தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு பெண், ஒற்றை அறை வாடகை வீடு. குடத்தை யார் எடுத்தது என்று கேட்டவள் இவள்தான். "எங்க வீட்டுக்கு வேணாம்னு நாந்தான் சொன்னேன். யாரும் தள்ளி வைக்கல. ஆனா வர்றவங்களுக்கு என்னத்தக் குடுக்க? போன வாரம் அவிய வீட்டுல ரெண்டு இனிப்பு, ஒரு காரம். நான் வெறும் டீயைக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் சொல்வது புரியும். இருபத்தைந்து பேருக்கு ஆளுக்கு இரண்டு வடை, ஒரு கரண்டி கேசரி, காபி, பாக்குமட்டைத் தட்டு, நாற்காலி வாடகை. ஆயிரம் ரூபாய் நிற்காது. தையல் கூலியில் அது எத்தனை ஜாக்கெட்? நடத்த முடியாதது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அடுத்த கட்டம், கூட்டத்துக்கே வராமல் நின்றுவிடுவது. "சாப்பிட்டுட்டுத் திருப்பிச் செய்யலன்னா எப்படி, நீங்களே சொல்லுங்க" என்கிறாள். நம் ஊரில் மொய்விருந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் யாராவது எழுந்து போவார்களா? அந்தக் கூச்சம்தான் இது. மொய் நோட்டு வைக்காத மொய்விருந்தாக ஜெபக் கூட்டம் மாறிக்கொண்டிருக்கிறது.

போதாக்குறைக்கு வாட்ஸ்அப் குழு. எந்த அதிகாரம் வாசித்தோம் என்பது அதில் வராது. தட்டின் படம் வந்துவிடும், கீழே பத்துப் பேர் கும்பிட்ட கைகளைப் போடுவார்கள்.

இதில் புதுமையும் ஒன்றுமில்லை. சுமார் கி.பி. 54-ல் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பதினோராம் அதிகாரம் இதே புகார்தான். அப்போது கோவில் கட்டடம் ஏது? வசதியுள்ள ஒருவர் வீட்டில்தான் சபை கூடும். அந்தக் காலத்து விருந்தறையில் ஒன்பது பேர் சாய்ந்து உட்காரலாம். மீதிப் பேருக்கு முற்றம்தான் கிடைத்திருக்கும் என்று விவிலிய ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். உள்ளே இருந்தவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். வேலை முடிந்து தாமதமாக வந்தவர்கள் பட்டினி. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் நேராகவே கேட்டுவிடுகிறார். திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வாசகமான எசாயா 58, நோன்பு என்றால் பசித்தவரோடு உணவைப் பங்கிடுவது என்கிறது. பசிக்காதவரோடு பங்கிடச் சொல்லவில்லை.

வீடு தேடி வந்தவரைக் கை நனைக்காமல் அனுப்புவது தமிழர் வழக்கமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வழக்கம் ஒரு டம்ளர் மோரோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. லெந்து நாட்களில் வீட்டு ஜெபக் கூட்டம் நடத்தும் சி.எஸ்.ஐ. நண்பர்களிடம் சொன்னால், "உங்ககிட்ட வடையா? எங்ககிட்ட டிஃபனே" என்கிறார்கள்.

'பேசாமல் பங்கு மண்டபத்தில் எல்லா அன்பியத்தையும் ஒன்றாகக் கூட்டிவிடலாமே' என்று சில பங்குத்தந்தையர் நினைக்கிறார்கள். தொல்லை விட்டதுதான். ஆனால் மைக் வந்துவிடும். மைக் வந்தால் ஒருவர் பேசுவார், இருநூறு பேர் கேட்பார்கள். 'கடலுக்குப் போற வீட்டுல அது நடக்காதா' என்று பாட்டி மைக்கில் கேட்கமாட்டார். வீட்டில்தான் கூட வேண்டும். அதிலும் சின்ன வீட்டில். முழங்கால் முழங்காலை இடிக்கிற அறையில் யாரும் தலைவராக நடந்துகொள்ள முடியாது.

சுக்குக் காபி மட்டும் என்று தீர்மானம் போட்ட அன்பியம் ஒன்றைத் தெரியும். இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. மூன்றாம் வாரம் ஒரு வீட்டில் பையனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்த சந்தோஷத்துக்கு லட்டு. சந்தோஷத்தை யார் தடுப்பது? நான்காம் வாரம் அடுத்த வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்து மறுபடி வடை. இன்னொரு இடத்தில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம். நடத்தும் வீட்டுக்காரர் பலகாரத்துக்கு ஆகும் பணத்தை, எவ்வளவானாலும், மடித்துத் தவக்கால உண்டியலில் போட்டுவிட வேண்டும். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. குடிக்கத் தண்ணீரை அவரவர் பாட்டிலில் கொண்டுவர வேண்டும். வீட்டை முடிவு செய்வது சீட்டுக் குலுக்கல்; பெயர் வந்தால் தெருவில் பாய் போட்டாவது நடத்த வேண்டும். பக்கத்து வீடு லைட் கொடுக்கும்.

கடலோரத் தெரு டீச்சருக்கு இந்த யோசனை பிடித்துப்போய், இலாசர் வாரத்துக்குச் சீட்டுக் குலுக்கினார். தையல்காரப் பெண்ணின் பெயரே வந்தது. தற்செயல்தானா என்று நான் கேட்கவில்லை. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: டீ மட்டும், அதுவும் முக்குக் கடை டீ. டீச்சர் அதை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஐந்து நிமிஷத்தில் ஒருவர், "அப்ப நான் கொஞ்சம் சுண்டல் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டிருந்தார். "வேண்டாம்" என்று டீச்சர் பதில் எழுதினார். கும்பிட்ட கைகளை யாரும் போடவில்லை.