வயல் யார் பெயரில்? விதைத்தவர் யார்?

அக்கராயன் குளத்தின் கீழ் நெல் விளையும் வயலொன்றைச் சுட்டி, 'இது யாருடையது?' என்று வினவுவது எளிது. விடை பகர்வதுதான் எளிதன்று. காணி அனுமதிப்பத்திரத்தில் ஒருவர் பெயர் இருக்கும். இந்தப் போகம் உழுது விதைத்தவர் வேறொருவராயிருப்பார். கமக்காரர் அமைப்பிலே அங்கத்தவராயுள்ளவர் மூன்றாமவர். மானியப் பணம் சென்று சேரும் வங்கிக் கணக்கோ நான்காமவருடையது. இந்நால்வரும் ஒரே வீட்டாராயிருத்தலும் கூடும். ஒருவரையொருவர் முகமறியாதவராயிருத்தலும் கூடும். ஊரிலே எல்லாருக்கும் எல்லாம் தெரியுமாதலால் இதனால் நாளாந்தம் பெருந்தொல்லை விளைவதில்லை. இவ்விவரங்கள் கணினிக்குள் புகும் நாளிலேதான் சிக்கல் தலைகாட்டுகின்றது. கணினிக்கு ஊர் தெரியாது. நாம் கூறியதே அதற்குத் தெரியும்.

உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர், 'பயனர், வகிபாகம், தொழிற்பாடு' என்னும் மூன்று சொற்களையும் மனனஞ்செய்து பரீட்சையில் ஒப்புவித்து விடுகின்றனர். ஒரு நிறுவனத்துக்குத் தகவல் முறைமை வகுக்குமுன் அதனைப் பயன்படுத்துவோர் யாவர், எந்நிலையில் நின்று அதனை அணுகுகின்றனர், அந்நிலையில் அவர்கள் ஆற்றவேண்டிய கருமம் யாது என்று தெளிதலே இம்மூன்றின் பொருளாகும். பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு நூலகத்தையோ வங்கியையோ உதாரணங் காட்டும். நாம் அக்கராயன் போன்றதொரு குடியேற்றப் பகுதியின் கமநல சேவை நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நம் மாணவர்க்கு இது நூலகத்தினும் நன்கு பழகிய இடம்.

வகிபாகம் என்பது ஆளன்று. இதனை விளக்க மேனாட்டு நூலைத் தேடவேண்டியதில்லை. காத்தவராயன் கூத்தைப் பார்த்தவர்கள், காத்தான் வேடத்தை ஓரிரவிலே ஒருவர்பின் ஒருவராகப் பலர் தாங்கி ஆடக் கண்டிருப்பர். ஆள் மாறினாலும் காத்தான் மாறுவதில்லை. சிறு வேடங்களிலோ ஒருவரே இரண்டு மூன்றுக்கு வந்து போவார். சுவீடன் தேசத்து இவார் ஜேக்கப்சன் என்னும் பொறியியலாளர், 1980களில் எரிக்சன் கம்பனியிற் பணியாற்றியபோது, முறைமையொன்றை அணுகுவோரை 'நடிகர்' எனப் பெயரிட்டு, அந்நடிகர் அதனிடம் வேண்டும் ஒவ்வொரு கருமத்தையும் தனித்தனியே எழுதும் வழியை வகுத்தார். 1997இல் நியமமாக ஏற்கப்பட்ட யூ.எம்.எல். வரைபடங்களிலே காணப்படும் குச்சி மனிதன் இந்நடிகனே. நம் அண்ணாவிமார்க்கு இது புதுச் செய்தியாய்த் தோன்றியிராது.

வேடமறிந்து கருமம் பிரித்ததற்கு ஒரு பழைய உதாரணம் லண்டனிலே உண்டு. தேநீர்க் கடைகள் பல நடத்திய லையன்ஸ் கம்பனியார் தமக்கென 'லியோ' என்னும் கணினியை அமைத்து, 1951 நவம்பரில் வெதுப்பகக் கணக்குகளை அதன்மூலம் செய்யலாயினர். வணிக அலுவலுக்கு நாள்தோறும் உழைத்த முதற் கணினி அதுவேயென்பர். சில ஆண்டுகளின் பின் கடைகளுக்குப் பண்டமனுப்பும் வேலையும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. கடைப் பொறுப்பாளரான பெண்மணிகளுக்குக் கணினியைப் பற்றி எதுவும் தெரியவேண்டியதில்லை. ஒவ்வொரு கடைக்கும் வழமையாக வேண்டப்படும் பண்டத்தின் அளவு முன்னரே பதியப்பட்டிருந்தது; அதிலிருந்து மாறுபடுவதை மட்டும் அவர்கள் தொலைபேசியிற் கூறுவர். தலைமையகத்தில் இருந்த பெண்கள் கேட்டவாறே அட்டையிலே துளையிடுவர். இவ்வேற்பாட்டை வகுத்தவருள் முதன்மையானவர் டேவிட் கமினர். கணினியை ஒருபோதும் தொடாத பெண்மணியின் வேலையை முதலிற் கண்டறிந்து, அதன்பின்னரே பொறிக்குரிய வேலையை அவர் வகுத்தார் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

இனி, அக்கராயனுக்கு மீள்வோம். நம் நிலையத்திலும் விசைப்பலகையைத் தொடுபவர் ஓர் எழுதுவினைஞரும் இரண்டொரு உத்தியோகத்தருமே. அனுபவமில்லா மாணவன் பயனர் பட்டியலை அவர்களோடு முடித்துவிடுவான். கருமபீடத்துக்கு வெளியே, கையில் உறையிட்ட பத்திரங்களோடு நிற்கும் கமக்காரரே இம்முறைமையின் முதற் பயனர் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை.

கமக்காரர் என்ற அந்த ஒரு சொல்லுக்குள்ளே எத்தனை வேடங்கள்! காணியுரித்துடையவர் ஒருவர், குத்தகைக்குச் செய்பவர் ஒருவர். பிலிப் குணவர்த்தனா அமைச்சராயிருந்த காலத்தில் நிறைவேறிய 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம், நிலமுடையவரையும் நிலத்திற் பாடுபடுபவரையும் வேறுபடுத்தியே நோக்கிற்று. கணினி இந்நாட்டு அலுவலகங்களில் எட்டிப் பாராத நாளிலே செய்த பாகுபாடு அது. இன்று முறைமை வகுக்கும் சிலர், 'கமக்காரர் பெயர்' என்று ஒரே கூட்டை வரைந்து அப்பாகுபாட்டை அழித்துவிடுகின்றனர் என்பது வியப்பே.

வன்னியில் இப்பாகுபாடு போகத்துக்குப் போகமும் மாறும். காலபோகத்துக்கு மழையும் குளமும் துணை. சிறுபோகத்துக்குக் குளம் ஒன்றே துணை. நீர் போதாத ஆண்டில் எத்தனை ஏக்கர் செய்வது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வரையறுப்பர். அப்பொழுது மாரியில் தன் வயலைச் செய்தவர், கோடையில் நீர் பாயும் வேறொருவர் வயலிலே பங்குக்குச் செய்ய நேரும். ஆகவே 'யார், எந்தக் காணியை, எந்தப் போகத்தில், என்ன உரிமையோடு' என்னும் நான்கையும் சேர்த்து எழுதாத பதிவு அரைப் பதிவேயாகும்.

பணம் வரும்போது இது வெறும் பாடப்பிரச்சினையாய் இராது. 2024இல் பெரும்போக நெற்செய்கைக்கான உரமானியம் ஹெக்டயருக்கு 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. உச்ச எல்லை 2 ஹெக்டயர். அப்பணம் காணிக்காரரின் கணக்கிற்குப் போய், உரம் வாங்குபவர் குத்தகைக்காரராயிருந்தால், அவர் கடன்பட்டே உரம் வாங்கவேண்டும். 2018 டிசம்பரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைத் தாக்கியது போன்றதொரு வெள்ளம் வந்தால் அழிவது விதைத்தவரின் முதல். இழப்பீட்டுப் பட்டியலில் எவர் பெயர் இருக்கும் என்பது, என்றோ ஒருநாள் எவரோ வரைந்த அந்தக் கூட்டைப் பொறுத்தது.

இதனினும் நெஞ்சைத் தொடும் நிலை ஒன்று உண்டு. 2008இல் அக்கராயன் மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்த குடும்பங்கள் பலவற்றிலே பத்திரம் இல்லை. பத்திரத்திற் பெயருள்ளவரும் இல்லை. கணவர் பெயரிலுள்ள காணியை மனைவி செய்கிறார். கணவர் இறந்தார் என்று எழுத அவர் மனம் ஒப்புவதில்லை, உயிரோடிருக்கிறார் என்று காட்டவும் வழியில்லை. ஒருவரைக் காணவில்லை என்பதற்கே சான்றிதழ் வழங்க 2016இற் சட்டம் இடஞ்செய்தது. ஆனால் கணினிப் படிவத்திலே 'உயிருடன் உள்ளார்', 'இறந்துவிட்டார்' என இரண்டே தெரிவுகள் இருக்குமாயின், அச்சான்றிதழோடு வரும் பெண்ணை எந்த வரியிற் பதிவது? பின்னுரித்தாளர் பெயரிடப்படாத காணிகளிலே ஆண்மக்களுக்கு முன்னுரிமை அளித்த பழைய அட்டவணை 2022இலே திருத்தப்பட்டுவிட்டது. பழைய முறைமைகள் அதற்கேற்பத் திருத்தப்படாவிடின் மகள் என்ற பின்னுரித்தாளர் சட்டத்தில் இருப்பார், திரையில் இருக்கமாட்டார்.

தொழிற்பாடுகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். பார்ப்பது, பதிவது, திருத்துவது, அங்கீகரிப்பது ஆகிய நான்கும் வெவ்வேறு கருமங்கள். விண்ணப்பத்தைப் பதிந்தவரே அதனை அங்கீகரிக்கவும் முடியுமானால், அம்முறைமைக்குப் பூட்டு உண்டு, திறப்பு ஊரெல்லாம் உண்டு எனலாம். கமக்காரர் அமைப்பின் தலைவர் ஏனையோரின் செய்கையை உறுதிப்படுத்துபவர். அவரும் ஒரு கமக்காரரே. தன் வயலைத் தானே உறுதிப்படுத்தும் வேளையில் முறைமை அவரைத் தடுத்து, வேறொருவரிடம் அனுப்பவேண்டும். அவர் நேர்மையாளர் என்பதனால் இவ்விதி வேண்டாமென்று கூறுவாருமுளர். நேர்மையாளரைச் சந்தேகத்தினின்று காப்பதும் இவ்விதியே. உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுச் சென்றால், அதிகாரம் அவரோடு வவுனியாவுக்குப் போகாமல் பதவியோடு தங்கவேண்டும். அலுவலகம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் மேசைக் கண்ணாடியின் கீழ் எழுதிவைத்தது என்ற வழக்கம் இருக்கும்வரை, இவ்வளவும் ஏட்டுச் சுரைக்காயே.

உரியவரைக் கேளாது வகுத்த ஏற்பாட்டின் கதி என்னவென்பதை லண்டன் நகரே காட்டிற்று. 1992 ஒக்டோபர் 26ஆம் நாள் அந்நகர அம்புலன்ஸ் சேவை புதியதொரு கணினி ஏற்பாட்டிற்கு மாறியது. வண்டியோட்டும் பணியாளரின் வழக்கங்களைப் போதிய அளவு அறியாது செய்த ஏற்பாடு அது. அவர்கள் ஒழுங்கு தவறாது பொத்தான்களை அழுத்துவர் என்று அது நம்பியிருந்தது. எந்த வண்டி எங்கே நிற்கின்றது என்ற கணக்கு குழம்பியது, அழைப்புகள் குவிந்தன. மறுநாளே ஓரளவு பழைய முறைக்குத் திரும்ப நேர்ந்தது.

ஆதலால், கிளிநொச்சி அறிவியல் நகரிலோ பிற இடங்களிலோ கற்று இத்துறைக்கு வரும் இளைஞர்க்கு நாம் சொல்வது இதுதான்: வரைபடத்தைத் தொடங்குமுன், மானிய விண்ணப்பம் ஏற்கும் ஒரு நாளிலே கமநல நிலையத்தின் விறாந்தையில் காலை எட்டு மணிமுதல் அமர்ந்திருங்கள். வந்தவர் யார், யாருக்காக வந்தார், என்ன பத்திரம் கொண்டுவந்தார், எதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டார் என்று எழுதுங்கள். கருமம் முடிந்து சென்றவரைக் காட்டிலும், 'நாளைக்கு வாருங்கள்' எனக் கேட்டுத் திரும்பியவரையே மிகுதியாகக் கவனியுங்கள். தாய்க்காக வந்த மகன், அயலாரின் பத்திரத்தோடு வந்த ஐயா, கையொப்பத்துக்குக் கிராம அலுவலரைத் தேடிப்போகும் அக்கா ஆகியோருக்குப் பாடநூலிற் பெயர் இராது. அவர்களுக்கு ஒரு பெயரிட்டு, உங்கள் வரைபடத்திலே தனித்தனிக் குச்சி மனிதராக வரைந்துகொள்ளுங்கள்; பின்னர் அதனை எடுத்துச் சென்று கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே காட்டி, விடுபட்டவர் எவரேனும் உண்டோ என்று கேளுங்கள்.