சாயமும் நொதியும்

ஆடைக்கு அழகூட்டும் செயற்கைச் சாயம் கழிவு நீருடன் நொய்யலாற்றிற் கலந்து விளைத்த கேட்டை நாம் அறிவோம். 2011ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயச்சாலைகளை மூடும்படி கட்டளையிட்டது. வெயிலுக்கும் சலவைக்கும் அஞ்சாத அச்சாயத்தை அழிக்க வல்லது யாது?

1883ஆம் ஆண்டில் யோஷிடா என்னும் ஜப்பானிய ரசாயன அறிஞர், மெருகுப் பூச்சுக்குரிய பாலைத் தரும் ஒரு மரத்திலே நொதியொன்று இருக்கக் கண்டார். லாக்கேஸ் எனப் பெயர்பெற்ற அது, பட்ட மரத்தை இற்றுப்போகச் செய்யும் சில காளான்களிலும் உண்டு. தன்பாலுள்ள தாமிரத்தின் துணையால் அது சாய மூலக்கூற்றினின்று எலெக்ட்ரான்களைக் கவர்ந்து பிராணவாயுவுக்கு அளிக்கின்றது. பிராணவாயு நீராகின்றது, சாயத்தின் கட்டுக் குலைந்து நிறம் மங்குகின்றது.

ஆயினும் எல்லாச் சாயமும் அதற்கு வசப்படுவதில்லை. சிதைந்த கூறுகள் சிலவேளை நஞ்சாதலும் உண்டு. சாயமிடுகையிற் சேர்த்த உப்போ நீரிலேயே நிற்கும். ஆகவே, தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று என்பதை நாம் மறவாதிருப்போமாக.