இஷாப்பூர் துப்பாக்கியின் தழும்புகள்

கனரக வாகனத் தொழிற்சாலை 1965 முதல் டாங்கிகளைத் தயாரித்துவரும் ஆவடியில், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகளும் முகாமிட்டுள்ளன. ஆகவே திருவள்ளூர் மாவட்டத்தாருக்குத் துப்பாக்கியும் பாரா மாற்றலும் புதிய காட்சிகள் அல்ல. எனினும் இந்தியக் காவலர்கள் பல தலைமுறைகளாகத் தோளில் சுமந்த, அவர்கள் பேச்சில் 'திரீ நாட் திரீ' என்றே வழங்கும் லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் வரலாறு பொதுவாசகருக்கு அவ்வளவாக எட்டியதில்லை. 0.303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீட்டர் என்னும் அதன் குழல் விட்டமே அதற்குப் பெயராயிற்று.

இது போல்ட் வகைத் துப்பாக்கி. குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டும் எஃகு உருளையே போல்ட். சுட்டபின் அதன் கைப்பிடியை உயர்த்திப் பின்னிழுத்தால் வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும். முன்னே தள்ளித் தாழ்த்தினால் அடுத்த தோட்டா ஏறிப் பூட்டிக்கொள்ளும். கதவுத் தாழ்ப்பாளை ஒத்த இந்த எளிய ஏற்பாட்டில், பூட்டும் புடைப்புகள் போல்டின் முன்முனையில் இருக்கின்றனவா பின்பகுதியில் இருக்கின்றனவா என்பதே ஒரு துப்பாக்கியின் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

ஜெர்மனியின் 1898 ஆம் ஆண்டு மௌசரில் முதன்மையான இரு புடைப்புகளும் முன்முனையில், வெடிப்பின் அழுத்தம் தாக்கும் இடத்துக்கு அருகிலேயே இருப்பதால், போல்ட் வளைந்து கொடுப்பது குறைந்து வலிமையும் குறித்தவறாமையும் கூடுகின்றன. ஸ்காட்லாந்தில் பிறந்து வட அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த அமைப்பில் அவை பின்பகுதியில் உள்ளன. வலிமையில் அது சற்றுப் பின்தங்கினாலும், மௌசரின் கைப்பிடியை ஏறத்தாழ 90 பாகை உயர்த்த வேண்டிய இடத்தில் இதற்கு 60 பாகையே போதும். போல்ட் பின்னோக்கிச் செல்லும் தூரமும் குறைவு. மௌசரின் பெட்டியில் 5 தோட்டாக்கள், லீ-என்ஃபீல்டில் 10. நிமிடத்துக்கு 15 குறிபார்த்த குண்டுகள் என்பது முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் படைப் பயிற்சியின் அளவுகோலாக இருந்ததற்கு இந்த விரைவே காரணம். ரஷ்யாவின் 1891 ஆம் ஆண்டு மோசின்-நாகாந்த், முரட்டு உழைப்பில் இவ்விரண்டுக்கும் இளைத்ததன்று. ஆனால் அதன் குட்டையான நேர்க் கைப்பிடியை இயக்கக் கைவலு வேண்டும். வேட்டைக்காரர் மௌசரையும் படைவீரர் லீ-என்ஃபீல்டையும் விரும்பினார்கள் என்றால் அதில் நியாயம் உண்டு.

இந்தியாவுக்கு உரிய கதை, கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள இஷாப்பூரில் தொடங்குகிறது. 1907 இல் ஏற்கப்பட்ட மார்க் 3 வகை லீ-என்ஃபீல்டை அங்குள்ள ரைஃபிள் தொழிற்சாலை பல பத்தாண்டுகள் உற்பத்தி செய்தது. அங்கே பழுதுபார்க்கப்பட்ட துப்பாக்கிகளில், முன்கட்டையின் குறுக்கே ஓடும் ஒரு திருகைக் காணலாம். மரம் பிளந்துவிடாமல் இறுக்கிப் பிடிப்பதற்காகச் சேர்க்கப்பட்ட அதைச் சேகரிப்பாளர்கள் 'இஷாப்பூர் திருகு' என்கின்றனர். வேறு சிலவற்றின் முன்கட்டையில் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். அவை குழல் வாயில் கிண்ணம் பொருத்திக் கையெறி குண்டுகளை ஏவப் பயன்பட்டவை. அந்த உதையில் கட்டை பிளக்காதிருக்கவே கம்பிக் காப்பு. சீனப் போருக்குப் பின் 1960களில், 7.62 மில்லிமீட்டர் நேட்டோ தோட்டாவுக்காக 2ஏ, 2ஏ1 என்னும் வகைகள் அங்கேயே உருவாயின. புதிய தோட்டாவின் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க எஃகை மாற்றினார்கள். பெட்டி சதுர வடிவம் பெற்றது. 2ஏ1 வகையில் குறிபார்க்கும் அளவுகோல் 2000 மீட்டரிலிருந்து 800 மீட்டராகச் சுருங்கியது. உலகம் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாடு போல்ட் துப்பாக்கியைப் புதிதாக வடித்தது விந்தைதான்; கையிலிருந்த எந்திரங்களையும் பழகிய கைகளையும் கருதினால் அது பிழையன்று.

இத்தனை வகைகளும் பழுதுபார்ப்புகளும் இருப்பதால், ஒரு பழைய துப்பாக்கியை மதிப்பிடுவோர் முதலில் பார்ப்பது பளபளப்பை அன்று, முத்திரைகளை. கட்டையும் எஃகும் சேரும் கழுத்துப் பகுதியில் மகுடமும் தயாரித்த ஊரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். விடுதலைக்குப் பிந்தையவற்றில் மகுடத்தின் இடத்தில் அசோகரின் சிங்கங்கள் அமர்ந்தன. போல்டின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றாக இருந்தால் அவை பிறந்ததிலிருந்து பிரியாதவை என்று கொள்ளலாம். வேறுபட்டால் போல்ட் பூட்டிய நிலையில் அதன் முகத்துக்கும் தோட்டாவுக்குமான இடைவெளி தவறியிருக்கக்கூடும் என்பதால், ஆர்மரர் எனப்படும் படைக்கலப் பழுதுநீக்குநர் அதை முதலில் அளப்பார்.

சீரமைப்பில் நேரும் கேடு பெரும்பாலும் ஆர்வத்தால் வருவது. உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் முத்திரை மழுங்கும். வார்னிஷ் பூசினால் கட்டையின் பழைய எண்ணெய்ப் பூச்சு மறையும். இஷாப்பூர் திருகை அசிங்கம் என்று பிடுங்கினால் வரலாறே போயிற்று. தளர்ந்த துருவை மட்டும் எண்ணெயிட்டு மென்மையாக நீக்குவதும், கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாக ஊட்டுவதும் போதுமானவை. குழலின் உட்புறம் வேறு சிக்கல். பழைய தோட்டாக்களின் பற்றுமருந்து எரிந்தபின் தங்கும் பொட்டாசியம் குளோரைடு உப்பு, ஈரத்தை உறிஞ்சி எஃகை அரிக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, நீர்தான் கரைக்கும்; கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பின்பே எண்ணெயிடும் பழைய படைவழக்கத்தின் அறிவியல் இதுவே. வங்கக் கடலின் உப்புக்காற்று வீசும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் அந்த எண்ணெய்ப் பூச்சும் நெடுநாள் காவல் காக்காது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளுக்குத் துப்பாக்கிக்கான ஒரு சுருள்வில்லையோ முளையையோ செய்து தருவது பெரிய வேலையன்று. ஆனால் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமமின்றித் துப்பாக்கியைத் தயாரிப்பதை மட்டுமல்ல, பழுதுபார்ப்பதையும் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. மேலும் 0.303 படைக்கலத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்கு அது தடைசெய்யப்பட்ட வகை. உரிமம் பெற்றோருக்காக இஷாப்பூர் வேறு தோட்டாவுடன் 0.315 ரைஃபிளைத் தயாரித்தது. எனவே இந்நாட்டில் துப்பாக்கிச் சீரமைப்பு அமெரிக்காவைப் போல வீட்டுக் கொல்லைப் பொழுதுபோக்காக வளர வழியில்லை. அரசு ஆர்மரர்களுக்கும், எழும்பூரில் 2021 இல் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகம் போன்ற நிறுவனங்களுக்கும் உரியதாகவே அது நிற்கிறது.

அந்நிறுவனங்களின் பொறுப்பு அதனால் கூடுகிறது. 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டு வயதை வரம்பாகக் கொள்வதால், 1920க்கு முன் முத்திரையிட்ட துப்பாக்கிகள் அந்த வயதைக் கடந்துவிட்டன. காட்சிக்கு வைக்கும் துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்யக் குழலில் துளையிடுவதும் பற்றவைப்பதும் எளிது, திரும்பப் பெற இயலாதது. சட்டம் இடம் தருமானால், தோட்டாவைத் தாக்கும் ஊசியை மட்டும் கழற்றித் தனியே பூட்டிவைப்பது மேல். துளையிட்டே ஆகவேண்டுமென்றால், அதற்கு முன் ஒவ்வொரு முத்திரையையும் எண்ணையும் திருகையும் படமெடுத்துப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும்.