ஏரி நடுவே எழுந்த திருக்கோயில்

துருக்கி நாட்டின் கிழக்கே வான் என்னும் உவர்நீர் ஏரி பரந்து கிடக்கின்றது. அதன்கண் உள்ள அக்தமார் என்னும் சிறு தீவில், ஆர்மீனியர் எழுப்பிய திருச்சிலுவைத் தேவாலயம் நிற்கின்றது. வாஸ்புரகான் நாட்டு மன்னன் முதலாம் காகிக் ஆணைப்படி, மானுவேல் என்னும் கட்டடக் கலைஞர் கி. பி. 915 முதல் 921 வரை இதனைச் செந்நிறக் கற்களால் கட்டி முடித்தார்.

இதன் புறச்சுவர்களே காண்போர் கருத்தைக் கவர்வன. கோலியாத்தை எதிர்க்கும் தாவீது, பெருமீன் வாய்ப்பட்ட யோனா முதலிய விவிலியக் காட்சிகள் அவற்றில் புடைப்புச் சிற்பங்களாகத் திகழ்கின்றன. அவற்றின்மேல் திராட்சைக் கொடியொன்று கோயிலைச் சுற்றிப் படர்கின்றது. மேற்குச் சுவரில், மன்னன் இக்கோயிலின் உருவைக் கையிலேந்திக் கிறித்துவுக்குக் காணிக்கையாக்குகின்றான்.

1113 முதல் 1895 வரை இத்தீவு ஆர்மீனியத் திருச்சபைத் தலைமைக் குருமாருள் ஒருவரின் இருக்கையாய் விளங்கிற்று. 1915இல் ஆர்மீனியர் கொல்லப்பட்டும் துரத்தப்பட்டும் அப்பகுதியினின்று மறைந்தனர். கோயிலில் வழிபாடு நின்றது. 1951இல் அதனை இடிக்கத் தொடங்கியபோது, குர்து இனத்தவரான எழுத்தாளர் யாசார் கெமால் முயன்று தடுத்தார். புதுப்பிக்கப்பெற்று 2007இல் அருங்காட்சியகமான அக்கோயிலில், 2010 செப்டம்பரில் 95 ஆண்டுகட்குப் பின் மீண்டும் வழிபாடு நிகழ்ந்தது.

கட்டியவர் ஓரினத்தார், காத்தவர் மற்றோரினத்தார். கலைச்செல்வம் மாந்தர் அனைவர்க்கும் பொது என்பதற்கு இக்கோயில் சான்றாகும்.