ஆடிட்டருக்கு ஏன் செப்டம்பர் மட்டும் இவ்வளவு நீளம்?

அக்கா மகள் பி.காம். கடைசி வருடம் படிக்கிறாள். இங்கேயே, விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள்.

"மாமா, சி.ஏ. பண்ணலாமா வேணாமா? அது படிச்சா வாழ்க்கையே இருக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

நான் பி.இ. கம்ப்யூட்டர். பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் ஒரு நொடி யோசித்துத்தான் சொல்வேன். ஆனால் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அதைத் தோண்டாமல் இருக்க முடியாத வியாதி எனக்கு உண்டு என்பது இங்கே தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இரண்டு வாரம் இரவுகளில் உட்கார்ந்து படித்ததையும், ஊரில் நாலு பேரிடம் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் புனேயில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயது சி.ஏ. பெண் இறந்துபோனார். வேலைச் சுமைதான் காரணம் என்று அவருடைய அம்மா எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. நிறுவனம் அதை மறுத்தது. அந்தச் செய்தியை அக்கா இன்னும் மறக்கவில்லை. "பொம்பளப் புள்ள ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ஆபீஸ்ல உக்காரணுமா?" என்பது அவள் கட்சி.

எனக்கு வேறு ஒரு நினைவு. என்னோடு பள்ளியில் படித்தவன் இங்கே ஆடிட்டராக இருக்கிறான். நாலு வருடத்துக்கு முன் செப்டம்பர் கடைசி வாரம், அவன் அப்பாவைப் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். ஐ.சி.யு. வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் லேப்டாப். பக்கவாட்டில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகியிருந்தது. என்னைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம்டா, ஒரு ரிப்போர்ட் ஏத்திட்டு வந்துடறேன்" என்றான். ரெண்டு நிமிஷம் ஒரு மணி நேரம் ஆனது. அப்பா அக்டோபர் 4ஆம் தேதி போய்விட்டார். "நினைவோட இருந்த கடைசி அஞ்சு நாள் நான் போர்ட்டல்லதான் இருந்தேன்" என்று பிற்பாடு ஒரு தடவை சொன்னான். ஒரே தடவைதான்.

இவன் சோம்பேறி இல்லை. நேரத்தைத் திட்டமிடத் தெரியாதவனும் இல்லை. ஜனவரியில் போனால் மாலை ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு மணிமுத்தாறு ஓரம் நடைக்குக் கிளம்பிவிடுவான். அப்படியானால் செப்டம்பரில் மட்டும் என்ன ஆகிறது?

இதைத் தேடும்போது கிடைத்த விஷயம் எனக்கே ஆச்சரியம். இந்தியாவில் அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவது 1867 முதல் வழக்கம். ஆனால் வியாபாரிகளுக்கு அந்தக் கட்டாயம் ரொம்ப காலம் இல்லை. வருமான வரிக்கே, வியாபாரி தன் கணக்கு வருடத்தைத் தானே தேர்ந்துகொள்ளலாம். சிலர் தீபாவளிக்குக் கணக்கு முடிப்பார்கள், சிலர் சித்திரை ஒண்ணாம் தேதி புதுக்கணக்கு, சிலர் டிசம்பர் 31. இங்கே செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் செய்த ஒரு யூனிட்டில் என் அப்பா கணக்குப்பிள்ளையாக இருந்தார். பேரேட்டுக்கு மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு போடும் நாள் வீட்டில் ஒரு பண்டிகை மாதிரி இருக்கும். அது பக்தி சமாச்சாரம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆடிட்டர் பக்கம் இருந்து பார்த்தால் அது வேலைப் பங்கீடு! வெவ்வேறு வாடிக்கையாளரின் கணக்கு வெவ்வேறு மாதத்தில் முடிந்ததால், வேலையும் வருடம் முழுக்கப் பரவி வந்தது.

இரண்டு சட்ட மாற்றங்கள் இதை மாற்றின. 1984 நிதிச் சட்டம் 44ஏபி என்ற பிரிவைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட விற்றுமுதலுக்கு மேல் போனால் சி.ஏ. ஒருவர் தணிக்கை செய்து அறிக்கை தர வேண்டும். அடுத்து, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், வரிக்கு எல்லாருக்கும் மார்ச் 31தான் கணக்கு முடிவு என்று ஆக்கியது. முதல் மாற்றம் வேலையைக் கூட்டியது. இரண்டாவது, அந்த வேலை முழுவதையும் ஒரே வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. கம்பெனிகள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தக் கடைசி நாளும் செப்டம்பர் 30. யாரும் திட்டமிட்டு ஆடிட்டர்களைக் கொல்ல நினைக்கவில்லை. நிர்வாகத்துக்கு வசதி, அவ்வளவுதான். 1961 சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் புதிய வருமான வரிச் சட்டம் 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற சொல்லைத் தூக்கிவிட்டு 'வரி ஆண்டு' என்கிறது. மார்ச் 31 அப்படியே இருக்கிறது.

எங்கள் தொழிலில் சர்வர் வாங்கும்போது சராசரி லோடு பார்க்க மாட்டோம், உச்ச லோடு பார்ப்போம். அதே கணக்கை இங்கே போட்டுப் பார்த்தேன். ஒரு சி.ஏ. வருடத்துக்கு 60 வரித் தணிக்கைக்கு மேல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது அவர்கள் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கும் உச்சவரம்பு. ஒரு தணிக்கைக்கு 15 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம் (என் அனுமானம்தான், நண்பன் "சின்னக் கணக்குன்னா ஓகே" என்றான்). 60 பெருக்கல் 15, மொத்தம் 900 மணி நேரம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 வாரம். வாரத்துக்கு 35 மணி நேரம்கூட வரவில்லை. ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி மாணவர்களுக்கு இன்ஸ்டிடியூட் வகுத்திருக்கும் வார நேரமும் 35தான். ஆக, காகிதத்தில் இது நிம்மதியான தொழில்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். எல்லாருடைய பில்லும் ஆகஸ்ட் 15க்குப் பிறகுதான் வருகிறது. 900 மணி நேரம் ஆறரை வாரத்தில் அடங்க வேண்டும். வாரத்துக்கு 138 மணி நேரம். மூன்று பேர் பங்கு போட்டாலும் தலைக்கு 46. பக்கத்திலேயே மாதாமாதம் 7ஆம் தேதி டி.டி.எஸ்., 11ஆம் தேதி விற்பனை விவரம், 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. கையெழுத்துப் போடுகிற கை ஒன்றுதான்.

வேலையின் மொத்த அளவு மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். வந்து சேர்கிற நேரம் மட்டும்தான் மாறியது.

"பில்லை ஏன் முன்னாடியே வாங்கக் கூடாது?" என்று நண்பனைக் கேட்டேன். சிரித்தான். மூலையில் இருந்த கட்டைப் பையைக் காட்டினான். ஒரு சூளைக்காரர் கொண்டுவந்து வைத்தது. அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறவர். அவருக்கு நவராத்திரி, கார்த்திகை ஆர்டர் எல்லாம் அடிக்கிற நேரம் ஆடி, ஆவணிதான். மண் வாங்கின பில், கேஸ் பில், லாரி வாடகை எல்லாம் ஒரே பையில், சிலதில் விரல் ரேகையோடு களிமண். "சூளை ஓடுது ஆடிட்டர் சார், இறக்கிட்டு வரேன்னு சொல்றாரு. அவரைத் திட்டறதா?" என்றான். திட்ட முடியாது. அவரும் உச்ச லோடில்தான் இருக்கிறார்.

அரசு என்ன செய்கிறது? தேதியைத் தள்ளிவைக்கிறது. 2025இல் நடந்ததைப் பாருங்கள். ஜூலை 31 ரிட்டர்ன் தேதி செப்டம்பர் 15க்குப் போனது. 15ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது இன்னும் ஒரே ஒரு நாள் தந்தார்கள். தணிக்கை அறிக்கையை அக்டோபர் 31க்குத் தள்ளி செப்டம்பர் 25ஆம் தேதி அறிவிப்பு வந்தது, அதுவும் உயர் நீதிமன்றங்கள் சொன்ன பிறகு. பிறகு அது நவம்பர் 10 ஆனது. செப்டம்பர் 25 வரை ராத்திரி பகலாக உழைத்தவனுக்கு அந்த அறிவிப்பால் என்ன லாபம்? போன தூக்கம் போனதுதான். அது போதாதென்று, 'எப்படியும் தள்ளிப்போடுவாங்க' என்று வாடிக்கையாளர் அடுத்த வருடம் இன்னும் தாமதமாகப் பையைக் கொண்டுவருவார். அந்த வருடம் ஆயுத பூஜை அக்டோபர் 1. பழைய தேதியே நின்றிருந்தால் முதல் நாள் வரை அடித்த கம்ப்யூட்டருக்கு மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்கள்.

உருப்படியான மாற்றம் என்று எனக்குப் பட்டது ஒன்று. 2021 ஜனவரி முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் ஜி.எஸ்.டி. ரிட்டர்னை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம். வரியை மட்டும் மாதம் கட்டினால் போதும். வருடத்துக்கு 12 தடவை ஓடியது 4 தடவை ஆகிறது. யாரும் தியானம் கற்றுக்கொள்ளத் தேவையில்லாமல் ஒரு ஆபீஸின் சாயங்காலங்கள் திரும்பக் கிடைக்கின்றன.

இதெல்லாம் படித்த பிறகு அக்கா மகளின் கேள்வியே எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. கணக்குத் தொழிலில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பெரும்பாலும் எந்தக் காலண்டரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான்.

சொந்தமாகப் பிராக்டிஸ் என்றால் செப்டம்பர் போய்விடும், ஜனவரி உங்களுடையது. சென்னையில் அமெரிக்க வரி ரிட்டர்ன் போடும் கம்பெனிகளில் சேர்ந்தால் நேர்மாறு. ஏப்ரல் 15 அவர்கள் கெடு, ஆகவே பொங்கலுக்கு வந்தவர்களைச் சித்திரைக்குத்தான் பார்க்க முடியும். அமெரிக்காவிலேயே இந்தத் தொழிலுக்கு ஆள் வருவது குறைந்து, தகுதிக்கான 150 மணி நேரப் படிப்பு விதியை மாநிலங்கள் தளர்த்திக்கொண்டிருக்கின்றன; ஒஹாயோ 2025 ஜனவரியில் சட்டமே போட்டது. அங்கே குறைகிற கை இங்கே நிரப்பப்படுகிறது. அரசு வேலை என்றால் உள்ளாட்சி நிதித் தணிக்கை, கூட்டுறவுத் தணிக்கை என்று டி.என்.பி.எஸ்.சி. வழி இருக்கிறது. நேரம் ஒழுங்கு. ஆனால் ஊர் மாற்றல் உண்டு, தேர்வுக்குக் காத்திருக்கும் வருடங்களும் கணக்கில் சேரும்.

எங்கள் ஊர்க்காரனாக எனக்குப் பிடித்தது அடக்கவிலைக் கணக்கு, அதாவது சி.எம்.ஏ. ஒரு சூளையில் 100 உருப்படி வைத்து 12 விரிசல் விட்டால், மண்ணும் கேஸும் கூலியும் 88 மேல்தான் விழுகிறது. 100ஆல் வகுத்து விலை சொல்கிற முதலாளி ஒவ்வொரு சூளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நஷ்டப்படுகிறார், தெரியாமலே. என் அப்பாவின் முதலாளி அப்படித்தான் வகுத்தார். உடைசலைத் தனி நோட்டில் அப்பா எழுதி வைத்திருந்தார், யாரும் கேட்கவில்லை. இந்த வேலையின் காலண்டர் மாத முடிவுகளைச் சுற்றி ஓடும். செப்டம்பர் 30 மாதிரி ஒரே பெரிய மலை இல்லை, பன்னிரண்டு மேடுகள்.

படிப்பின் காலத்தையும் மறைக்கக் கூடாது. சி.ஏ. இறுதித் தேர்வில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியது 2023 நவம்பரில் 9.42 சதவீதம், 2024 மேயில் 19.88. முன்பு மூன்று வருடமாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப் புதிய திட்டத்தில் இரண்டு வருடம். குறைந்தபட்ச உதவித்தொகை ஊரின் மக்கள்தொகையைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவதால் விருத்தாசலம் மாதிரி ஊரில் அது சென்னையைவிடக் குறைவு. ஆனால் வீட்டுச் சாப்பாடு.

அக்காவின் கேள்விக்கு என்னிடம் வாதம் இல்லை, ஒரு தகவல்தான் இருந்தது. இந்தியாவின் முதல் பெண் சி.ஏ. என்று சொல்லப்படுகிற ஆர். சிவபோகம் நம் சென்னைக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் வேலூர் சிறையில் இருந்தவர். வெளியே வந்து, 1933இல் கணக்கியல் டிப்ளமா தேறினார். சிறை சென்றவர்கள் பதிவு செய்துகொள்ள முடியாது என்று தடை வந்தது. எதிர்த்து முறையிட்டு வென்று, 1937இல் தனியாகத் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை தென்னிந்திய மண்டலக் குழுவுக்கே தலைவர். அக்கா முழுவதும் கேட்டுவிட்டு, "அவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களா?" என்றாள். இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. என் பக்கம் அதோடு படுத்துக்கொண்டது.

அக்கா மகள் மட்டும் இதில் ஒரு நல்ல காரியம் செய்தாள். நண்பனின் ஆபீஸுக்கு என்னோடு வந்தபோது ஒரு நோட்டு கொண்டுவந்தாள். "சார், போன செப்டம்பர்ல கடைசி பத்து நாள்ல எத்தனை ஃபைல் வந்துச்சு?" என்று கேட்டாள். அவன் பதிவேட்டைத் திறந்து எண்ண ஆரம்பித்தான். இருபத்து மூன்று. எண்ணி முடித்ததும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரை எண்ணியதே இல்லையாம்.

இந்த வருடம் ஜூன் 30க்குள் பில் கொடுப்பவர்களுக்குக் கட்டணத்தில் பத்து சதவீதம் குறைப்பதாக வாசலில் ஒட்டியிருக்கிறான். இதுவரை நாலு பேர் கொடுத்திருக்கிறார்கள். சூளைக்காரர் அதில் இல்லை. அக்கா மகள் பி.காம். தேர்வு முடிந்ததும் அங்கே மூன்று மாதம் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள், ஜூலை முதல் செப்டம்பர் வரை. 55 சதவீதம் வந்தால் நேரடியாக சி.ஏ. இன்டர் சேரலாம். சேர்வதா, சி.எம்.ஏ. பக்கம் போவதா என்று அக்டோபரில் சொல்கிறாளாம்.