ஆளை மாத்தாதீங்க, இடத்தை மாத்துங்க!

திருப்பூர் நல்லூர் பக்கம் போயிருக்கீங்களா? அங்கே ஒரு பனியன் கம்பெனிக்குள்ளே நுழையறதா நினைச்சுக்கோங்க. வரிசையா ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்கள். தோள்பட்டை ஒருத்தர், கை ஒருத்தர், கழுத்து ஒருத்தர்னு ஒரு டி-ஷர்ட் பல கை மாறித்தான் முழுசாகும். நடுவுல ஒருத்தர் ஸ்லோ ஆனா போச்சு! அவர் முன்னால பீஸ் மலையாக் குவியும். அடுத்தவர் சும்மா உட்காரணும். பீஸ் ரேட் ஆளுங்களுக்கு சனிக்கிழமை சம்பளத்துலயே இடிக்கும். 'அவனை அனுப்பிடுங்க'ன்னு சொல்றது ரொம்ப ஈஸி.

விவரமான சூப்பர்வைசர் கொஞ்சம் யோசிப்பார். பையனுக்குக் கை வேகம் இல்லை, சரி. கண்ணு எப்படி? துளி எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் தப்பாதுன்னா, அவர் உட்கார வேண்டிய இடம் மெஷின் இல்லை, செக்கிங் டேபிள்!

இது தலைகீழாவும் நடக்கும். சூப்பரா தைக்கிற டெய்லரை சூப்பர்வைசர் ஆக்குவாங்க. அவருக்கு ஆளுங்களை வேலை வாங்க வராது. நல்ல டெய்லரும் போச்சு, நல்ல சூப்பர்வைசரும் கிடைக்கலை. 1969-லேயே லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் 'பீட்டர் பிரின்சிபிள்'னு இதைப் புத்தகமாவே எழுதிட்டாங்க.

கிரிக்கெட்டுக்கு வாங்க. ரோஹித் சர்மா 2007-ல் ஒருநாள் டீமுக்கு வந்தார். மிடில் ஆர்டரில் தடுமாற்றம். 2011 உலகக் கோப்பை டீமில் இடமே இல்லை. 2013-ல் தோனி அவரை ஓப்பனிங் இறக்கினார். அதே வருஷம் 209, அடுத்த வருஷம் ஈடன் கார்டனில் 264! ஆள் அதேதான், இடம்தான் மாறிச்சு.

ஆனா, ரெண்டு விஷயம் கவனம். ஒண்ணு, அவருக்கு வேலை பழகலையா, பிடிக்கலையா, முடியலையா? பழகாதவருக்குத் தேவை பயிற்சி, இடமாற்றம் இல்லை. ரெண்டு, சம்பளம். திருப்பூரில் டெய்லருக்கு ஒரு கூலி, செக்கிங்குக்கு வேற கூலி. 'உனக்கு ஏத்த வேலைப்பா'ன்னு சொல்லிட்டு கூலியைக் குறைச்சா அது உதவி இல்லை, தண்டனை. அதனால முன்கூட்டியே, தனியா கூப்பிட்டு, மனசு விட்டுப் பேசணும்.

டீம் லீடர் ஆகற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கல்ச்சுரல்ஸுக்கு ஸ்பான்சர் பிடிக்கத் தெரியாம முழிக்கிற நண்பன்கிட்ட வரவு செலவு நோட்டைக் கொடுத்துப் பாருங்க.

நாளைக்கு முதல் வேலையில் அந்த 'ஸ்லோ' ஆள் நீங்களாவும் இருக்கலாம். பேப்பர் போடறதுக்கு முன்னால ஒரு தடவை கேளுங்க: "சார், எனக்கு இது நல்லா வரும். ஒரு வாரம் கொடுத்துப் பாருங்களேன்!"