நேரம் தவறும் ரவுட்டர்: கோளாறு எங்கே, சரிசெய்வது எப்படி?

பிள்ளைகள் இரவில் நெடுநேரம் விழித்திருக்கக் கூடாது என்று, வீட்டு வைஃபை 11 மணிக்கு நின்றுவிடும்படி பெற்றோர் பலர் ரவுட்டரில் கட்டுப்பாடு வைக்கிறார்கள். முதலில் அது சொன்ன நேரத்துக்கு நிற்கும். மாதங்கள் போகப் போக ஒருநாள் 10.50-க்கே நின்றுவிடும். எஸ்பிஎம் எழுதவிருக்கும் மகள் ஆசிரியருக்கு அனுப்ப வேண்டிய பயிற்சியைப் பாதி ஏற்றியிருப்பாள். தந்தை இணையச் சேவை நிறுவனத்தைத் திட்டுவார், மகள் தந்தையைச் சந்தேகிப்பாள். இணைப்பில் குறை இருக்காது. ரவுட்டருக்குள் ஓடும் கடிகாரம் பத்து நிமிடம் முந்திக்கொண்டிருக்கும். (கையில் டேட்டா வைத்திருக்கும் பிள்ளைக்கு இந்தக் கட்டுப்பாடே பொருட்டல்ல என்பது வேறு கதை.)

ரவுட்டரும் ஒரு சிறிய கணினிதான். அதனுள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வுகளை எண்ணித்தான் அது நேரத்தைக் கணக்கிடுகிறது. விலை மலிவான படிகங்களில் பத்து லட்சத்துக்கு 20 என்ற அளவில் பிழை இருப்பது சாதாரணம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி என்பதால், அது நாளுக்கு ஏறக்குறைய 1.7 விநாடியாகிறது. ஒரு வாரத்தில் 12 விநாடி, ஓராண்டில் பத்து நிமிடம். கைக்கடிகாரத்திலும் இதே படிகம் உண்டு. ஆனால் அதை நாம் அவ்வப்போது பார்த்துத் திருத்திக்கொள்கிறோம், மேசைக்குப் பின்னால் கிடக்கும் ரவுட்டரை யாரும் பார்ப்பதில்லை.

வெயிலில் தகிக்கும் தகரக் கூரை வீடுகளில் சூடுதான் காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. வெப்பத்தால் படிகத்தின் வேகம் சற்றே மாறுவது உண்மை. ஆனால் அதுவும் நாளுக்குச் சில விநாடிகளைத் தாண்டாது. நாளொன்றுக்குச் சில நிமிடங்களே தவறினால், அது மென்பொருள் கோளாறாகவோ பழுதாகிவரும் பெட்டியாகவோ இருக்க வேண்டும்.

படிகம் தவறும் என்பது தயாரிப்பாளர்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் ரவுட்டர் அவ்வப்போது இணையத்தில் உள்ள நேரச் சர்வரிடம் மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இதற்கான முறைக்கு என்டிபி என்று பெயர். 1985-இல் அமெரிக்காவின் டேவிட் மில்ஸ் உருவாக்கியது. மணி கேட்டு வரச் சொல்லிப் பையனைப் பக்கத்து லயத்துக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அவன் "ஏழு மணி" என்று வந்து சொல்லும்போது ஏழு தாண்டியிருக்கும். போய்வர நான்கு நிமிடம் ஆனதென்றால், பாதியான இரண்டு நிமிடத்தைக் கூட்டிக்கொண்டால் கணக்குச் சரி. என்டிபி செய்வதும் இதைத்தான், ஆனால் விநாடியின் நுண்ணிய பகுதிகளில். ஆக, ரவுட்டரின் நேரம் தொடர்ந்து விலகுகிறது என்றால், பையன் போய்வருவது நின்றுவிட்டது என்று பொருள்.

சரிசெய்வதற்கு முன், பிழை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. கைப்பேசி உலாவியில் அதைத் தட்டி உள்ளே போய், சிஸ்டம் அல்லது டைம் என்ற பகுதியில் உள்ள நேரத்தைக் கைப்பேசி நேரத்தோடு ஒப்பிடலாம். சரியாக எட்டு மணி நேரம் பின்தங்கியிருந்தால் கடிகாரத்தில் குறையில்லை, நேர மண்டலம் தேர்ந்தெடுக்கப்படவில்லை. நமக்கு ஜிஎம்டி +8. தீபகற்பத்தில் அரை மணி நேரம் குறைவாக இருந்து, 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக்கோடு ஒன்றானது மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு மணி நேரம் தவறினால், கோடைக்கால நேரம் என்ற தேர்வில் யாரோ குறியிட்டிருப்பார்கள். இங்கே அதற்கு வேலையில்லை.

தேதியே 1970 என்று காட்டினால்? பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. இடி முழங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவது நம் வீடுகளில் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் மின்சாரம் போனதும் ரவுட்டர் நேரத்தை மறந்துவிடும். மீண்டும் உயிர்பெறும்போது 1970 ஜனவரி 1-இலிருந்தோ, மென்பொருள் தயாரான தேதியிலிருந்தோ எண்ணத் தொடங்கும். நேரச் சர்வர் பதில் தந்தால் ஓரிரு நிமிடத்தில் சரியாகும். தராவிட்டால் அப்படியே ஓடும்.

இவை எதுவும் இல்லாமல், ஒரு வாரம் விட்டுப் பார்க்கும்போது வித்தியாசம் கூடியிருந்தால் அதுதான் உண்மையான விலகல். நேரச் சர்வருக்கான கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பழைய ரவுட்டர்களில் எப்போதோ மூடப்பட்ட முகவரி பதிந்திருக்கக்கூடும். முகவரியைப் பெட்டிக்குள் நிரந்தரமாகப் பதிப்பதால் வரும் தொல்லைக்கு 2003-இல் ஒரு பெரிய சான்று கிடைத்தது. நெட்கியர் நிறுவனத்தின் லட்சக்கணக்கான ரவுட்டர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக நேரச் சர்வர் ஒன்றையே நம்பியிருந்தன. பதில் கிடைக்காதவை விநாடிக்கு ஒருமுறை கேட்க, பல்கலைக்கழகத்தின் இணைப்பே திணறியது.

முகவரியை மாற்றுவது எளிது. பூல் டாட் என்டிபி டாட் ஆர்க், அல்லது டைம் டாட் கூகுள் டாட் காம் என்று உலாவியில் எழுதுவதுபோல் எழுதிச் சேமித்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம். இரண்டுமே பலிக்கவில்லை என்றால், என்டிபி செல்லும் யுடிபி 123 என்ற வழி அடைபட்டிருக்கலாம். ரவுட்டரின் ஃபயர்வால் அமைப்பைப் பார்த்துவிட்டு, சேவை நிறுவனத்திடம் கேட்பதே அடுத்த படி. நிறுவனம் கொடுத்த பெட்டியில் இந்தப் பகுதி பூட்டப்பட்டிருந்தாலும் அவர்களிடம்தான் போக வேண்டும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "கணினியிலிருந்து நேரத்தை எடு" என்ற பொத்தானை அழுத்தியதும் நேரம் சரியாகிவிடும். அது அப்போதைக்கு ஒருமுறை நகல் எடுப்பதுதான். அடுத்த நிமிடமே படிகம் தன் போக்கில் ஓடும், அடுத்த மின்தடையில் எல்லாம் அழியும்.

ரவுட்டரின் நேரம் தவறினாலும் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் மணி சரியாகவே இருக்கும், அவை தனியாக நேரம் பெறுகின்றன. பள்ளித் தளத்தில் பயிற்சி சேர்ந்த நேரத்தையும் அந்தத் தளத்தின் சர்வரே குறிக்கிறது. அதனால் மாணவர்கள் அதற்காகப் பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது மறைகாணியை. சில வீடுகளில் மறைகாணிப் பதிவுப் பெட்டிக்கு நேரம் தரும் முகவரியாக ரவுட்டரையே குறித்து வைத்திருப்பார்கள். ரவுட்டர் இருபது நிமிடம் தவறினால், மோட்டார் சைக்கிள் திருடுபோன காட்சியிலும் இருபது நிமிடம் தவறும். அப்படியொரு பதிவைப் போலீசில் கொடுப்பவர்கள், அன்றைய நாளே பதிவுப் பெட்டியின் நேரத்தையும் கைப்பேசியின் நேரத்தையும் ஒரே படத்தில் தெரியுமாறு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கடிகாரத்தைத் திருத்துவதை அதற்குப் பிறகு செய்யலாம்.